பானெட்டுக்குக் கீழே பதினைந்து மில்லி

களிமண் உருண்டையின் அடிப்பக்கத்தில் ரேகை இருந்தது.

மேல்பக்கத்தில் இருந்திருந்தால் ஃபிட்டர் அதை இரண்டாம் முறை திரும்பிப் பார்த்திருக்கமாட்டார். ஆனால் அடிப்பக்கம் என்பது எஞ்சினின் தலைமூடி மேல் ஒட்டி உட்கார்ந்திருந்த பக்கம். இரும்பின் மேல் உட்கார்ந்து நசுங்கிய களிமண்ணில் இரும்பின் வடிவம்தான் விழ வேண்டும். இதிலோ ஒரு கட்டைவிரல், நடுவில் சுழியோடு, அரசாங்கப் பத்திரத்தில் உருட்டி வைத்ததுபோல அத்தனை சுத்தமாகப் பதிந்திருந்தது.

அவர் கையுறை போட்டிருந்தார். காலையிலிருந்து கழற்றவில்லை.

அவருக்குப் பயம் என்ற சமாச்சாரமே கிடையாது. வயிற்றில் எது புரண்டாலும், மேலே வருவதற்குள் அது கோபமாக மாறிவிடும். உடம்பின் அமைப்பு அப்படி. நாற்பது வருடம் பட்டறையில் இருந்தவர். அவர் திட்டினால் லேத் மெஷின் தானாகவே எண்ணெய் கசியும் என்று சொல்வார்கள். ஓய்வுபெற்ற நாளில் மாலை போட்ட அதிகாரியிடம் மாலையின் இடது பக்கம் மூன்று மில்லி நீளம் என்று சொல்லிவிட்டு வந்த மனிதர். அன்றிலிருந்து திட்டுவதற்கு வீட்டில் இருவர்தான் மிச்சம். மனைவி பாதி நேரம் காதில் வாங்குவதில்லை. ஆகவே மொத்தமும் மாடியில் குடியிருந்த தம்பிக்கு.

"டேய்! கீழ வாடா!"

தம்பி வந்தான். ஐம்பத்தெட்டு வயது, வழுக்கை, இரண்டு முழங்காலும் போனவன். ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல் வைத்து இறங்கி, காரேஜ் ஷட்டரின் பக்கத்துக் கதவு வழியாகத் தலையை நீட்டினான்.

"என்னண்ணே, வண்டி கிளம்பிடுச்சா?"

"இதத் தொட்டது யாரு?"

தம்பி உருண்டையை வாங்கிப் பார்த்தான். "உன் ரேகையாத்தான் இருக்கும். வேற யாரு இந்தக் குகைக்குள்ள வரப்போறா?"

"நான் கையுறை போட்டிருக்கேன்டா, குருடா."

"அப்ப எஞ்சினுக்குக் கை மொளைச்சிருக்கும். நீ திட்டுற திட்டுக்கு அது எழுந்து வந்து உன்னை அடிக்கலாம்னு பாக்குது."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். அந்தச் சிரிப்புதான் ஃபிட்டருக்கு ஆகவே ஆகாது. பதினொரு மாதத்துக்கு முன்பும் இதே சிரிப்போடுதான் வந்து நின்றான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கி, இருபத்திரண்டு வருடம் கண்ணாடிபோல வைத்திருந்த காரை, சொட்டு எண்ணெய் இல்லாமல் எண்பது கிலோமீட்டர் ஓட்டி எஞ்சினை உருகவைத்துவிட்டு, "சிவப்பா ஒரு லைட் எரிஞ்சுச்சுண்ணே, நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். அன்றைக்கு ஃபிட்டர் போட்ட சத்தத்தில் மூன்று தெரு தள்ளி ஒரு கல்யாணப் பேச்சு நின்றுபோனதாகக் கேள்வி.

பழைய எஞ்சினுக்கு மறுபிறவி கிடையாது. ஆகவே உடைந்த வேன் ஒன்றின் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து உள்ளே இறக்கினார். வேன் எஞ்சினுக்கும் காருக்கும் எந்த உறவும் இல்லை. கியர்பெட்டியோடு சேர்க்கும் தகடு, எஞ்சினைத் தாங்கும் மவுண்ட், ரேடியேட்டருக்குப் போகும் குழாய் எல்லாவற்றையும் அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு இரும்பில் வெட்டி, கையாலேயே செய்தார். எல்லாம் சேர்ந்தது. ஒன்றுதான் சேரவில்லை. எஞ்சின் உயரம். சின்னச் சட்டைக்குள் பெரிய தொப்பையைத் திணித்ததுபோல, பானெட்டுக்கு அடியில் போதிய இடம் இல்லை.

எங்கே இடிக்கிறது என்று பார்க்கப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வழி உண்டு. பிள்ளைகள் விளையாடும் கலர் களிமண்ணை எலுமிச்சை அளவுக்கு உருட்டி எஞ்சின் மேல் வைத்து, பானெட்டை இறக்கி, அழுத்தித் திறப்பது. நசுங்கிய களிமண்ணின் கனம்தான் நடுவில் இருக்கும் இடைவெளி. ஓடும்போது எஞ்சின் ஆடும் என்பதால் பதினைந்து மில்லியாவது வேண்டும். ரேகை விழுந்த உருண்டையில் வெர்னியர் அளவுகோல் காட்டியது ஆறு.

நாள் குறித்தாகிவிட்டது. முழங்கால் போனவனால் இனி மாடி ஏற முடியாது, அவனுக்குக் கீழே ஓர் அறை வேண்டும். காரேஜ்தான் அந்த அறை. கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார். ஞாயிறு மதியத்துக்குள் கார் தன் காலால் நடந்து தெருவுக்குப் போனால் பிழைத்தது. இல்லையென்றால் பழைய இரும்பு லாரி வந்து தூக்கிக்கொண்டு போகும். அண்ணனும் தம்பியும் அண்ணியை நடுவில் உட்காரவைத்துப் பேசி முடித்த ஒப்பந்தம் அது. தன் கையால் செய்த எஞ்சினை இரும்புக்காரனின் கொக்கியில் தொங்கவிட ஃபிட்டர் தயாராக இல்லை.

அன்று சாயங்காலம் தம்பி ஃபோனைத் தூக்கிக்கொண்டு அண்ணியிடம் வந்தான். மதியத்திலிருந்து அது அவன் கட்டைவிரலை ஏற்றுக்கொள்ளவில்லையாம்.

"ஃபோனுக்கே உன்னப் பிடிக்கல," என்று உள்ளேயிருந்து கத்தினார் ஃபிட்டர்.

புதன்கிழமை மவுண்ட் இரண்டையும் பத்து மில்லி வெட்டிக் குறைத்தார். கிரைண்டரின் ஓலம் தகரக் கூரையில் முட்டித் திரும்பி வந்தது. தீப்பொறி செருப்புக்குள் விழுந்தது. எரிந்த பெயின்ட் நாற்றமும் வெல்டிங் புகையும் மூக்குக்குள் போய் உட்கார்ந்து சாப்பாட்டையே மறக்கவைத்தன. பாரம் தூக்கும் செயின் பிளாக்கின் சங்கிலி ஒவ்வொரு கண்ணாகக் கடகடவென்று சொல்லிக்கொண்டே எஞ்சினை இறக்கியது. ஆறும் பத்தும் பதினாறு. சின்னப் பிள்ளையும் போடும் கணக்கு. புது உருண்டையை வைத்தார், பானெட்டை இறக்கினார், இரண்டு உள்ளங்கையாலும் உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்தினார்.

அழுத்தும்போது உள்ளேயிருந்து மெல்ல ஒரு காற்று வந்தது. மூக்கடைத்தவன் தூக்கத்தில் விடுவதுபோல. ரப்பர் குழாயில் சிக்கிய காற்று என்று தனக்குச் சொல்லிக்கொண்டார்.

திறந்தார். மூன்று மில்லி.

வெர்னியரைத் துடைத்து மறுபடி அளந்தார். மூன்று. எஞ்சினைப் பத்து மில்லி இறக்கியிருக்க, இடைவெளி குறைந்திருந்தது. இரும்பு பொய் சொல்லாது என்று நாற்பது வருடம் நம்பியவருக்கு நெற்றிப்பொட்டில் நரம்பு துடித்தது. உருண்டையைக் கிள்ளி எடுத்துத் திருப்பினார்.

காது.

மடலும் மடிப்பும் துளையும் அடியில் தொங்கும் சதையும், ஒன்று குறையாமல். அவர்கள் குடும்பத்துக் காது பெரிது. பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரையும் முறம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கை தானாகவே போய்த் தன் காதைத் தடவிப் பார்த்தது. இருந்தது.

மனைவியிடம் காட்டினார். அவள் வாங்கி, இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"என்னங்க, வண்டிய ஓட்டினீங்களா?"

"எப்படி ஓட்டுறது? இன்னும் வயரே கொடுக்கல."

"அப்புறம் ஏன் இது சூடா இருக்கு?"

"தகரக் கொட்டகைக்குள்ள பனியா கொட்டும்? போய் வேலையப் பாரு."

அவள் போனாள். குழாயடியில் நெடுநேரம் கை கழுவும் சத்தம் கேட்டது.

தம்பியின் வேலைதான் இது. வேறு யார்? எங்கேயாவது ஒரு பொம்மையை வாங்கி, காது மூக்கு எல்லாம் வைத்து அழுத்தி, அண்ணனை அரைப்பைத்தியம் ஆக்கி, லாரியில் காரை ஏற்றிவிட்டு, கட்டில் போட்டுக் காலை நீட்டிப் படுக்கத் திட்டம். ஃபிட்டர் பக்கத்துக் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டார். சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். மாடியைப் பார்த்து அரைமணி நேரம் கத்தினார். பதில் இல்லை. அதற்கும் சேர்த்துக் கத்தினார்.

வியாழக்கிழமை காலையில் தம்பி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நடந்தான்.

"அண்ணி, நேத்திலிருந்து இடது காது அடைச்சுப்போச்சு. தண்ணிக்குள்ள இருக்குற மாதிரி இருக்கு."

"டாக்டரப் பாருங்க தம்பி."

"பாத்தேன். காதுக்குள்ள ஓட்டையவே காணோம்னு கிண்டல் பண்றான் அந்த ஆளு."

"செவிடன் வேஷமா?" என்றார் ஃபிட்டர். "நான் திட்டினது கேக்கக் கூடாதுன்னு செவிடன் வேஷமா?"

"உன் மேல சத்தியமாண்ணே—"

"என் மேல எதுக்குடா? உன் முட்டி மேல பண்ணு. அதாவது போனா போகட்டும்."

தம்பி அடிபட்டதுபோல நின்றான். பிறகு, நல்ல காதைத் திருப்பி, மெதுவாகச் சொன்னான்: "பானெட்டுல ஒரு சதுர ஓட்டை போட்டுட்டா முடிஞ்சுபோச்சு. எதுக்கு இவ்வளவு மல்லுக்கட்டு?"

ஓட்டை! இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கீறல் விழாத பானெட்டில் ஓட்டை! முதலில் எஞ்சினைத் தின்றான், இப்போது தகட்டையும் கேட்கிறான். பெற்ற பிள்ளையின் நெற்றியில் ஜன்னல் வைக்கச் சொன்னால்கூட ஃபிட்டர் அப்படிக் கொதித்திருக்கமாட்டார். கையிலிருந்த ஸ்பேனரை எறிந்தார். தம்பி மேல் இல்லை. சுவர் மேல். தம்பிக்கு மிகப் பக்கத்துச் சுவர் மேல்.

அன்று முழுக்க எஞ்சினின் அடிவயிறான எண்ணெய்த் தொட்டியை வெட்டி, மடித்து, ஒட்டவைத்து, எஞ்சினை இன்னும் பன்னிரண்டு மில்லி இறக்கினார். இனி ஒரு நூல்கூட இறங்காது. கீழே காரின் குறுக்குச் சட்டம் தொட்டுக்கொண்டிருந்தது. கணக்குப்படி இப்போது பானெட்டுக்குக் கீழே ஒரு பூனை குடித்தனம் பண்ணலாம்.

வெள்ளிக்கிழமை உருண்டையை வைத்து அழுத்தினார். பாதியில் எதுவோ தடுத்தது. இரும்பு தடுத்தால் கைக்குத் தெரியும். சுரீரென்று எலும்புக்கு வரும். இது அப்படியில்லை. துணி திணித்த பெட்டியை மூடுவதுபோலக் கொஞ்சம் கொடுத்து, கொஞ்சம் எதிர்த்தது. திறந்ததும் டீசல் நாற்றத்துக்கு நடுவே வேறொரு வாசனை வந்தது. எங்கேயோ தெரிந்த வாசனை. மூக்கை வைத்து முகர்ந்தார். தலையணை உறை. யாரோ இரவெல்லாம் தலை வைத்துப் படுத்த, இன்னும் வெயிலில் போடாத தலையணை உறை.

களிமண் தாள்போல நசுங்கியிருந்தது. அதன் அடியில் இரண்டு உதடுகள்.

பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. சாவி இடுப்பில் இருந்தது. வயிற்றில் ஏதோ புரண்டது, மேலே வந்தது, கோபமாக மாறுவதற்கு, வாழ்நாளில் முதல்முறையாக, சற்று நேரம் எடுத்துக்கொண்டது.

அன்று சாப்பிடும்போது தம்பி வாயைச் சரியாகத் திறக்கமுடியாமல், பல் பிடுங்கியவன்போல என்னமோ குழறினான். "ஒடட்டுல ஒணச்சியே இல்லண்ணே."

"பழிப்பு காட்டுறியா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார் ஃபிட்டர்.

சனிக்கிழமை வயர் கொடுத்தார். மதியம் சாவியைத் திருகினார். எஞ்சின் ஒரே இழுப்பில் எழுந்து, ஆடாமல், இருமாமல், அமைதியாக ஓடியது. அந்த நேரத்தில் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. புகையால் என்று மனைவியிடம் சொன்னார். எல்லாம் முடிந்தது. பானெட் மட்டும் இரண்டு விரல் தூக்கிக்கொண்டு நின்றது.

"கயித்தப் போட்டுக் கட்டிட்டு வெளிய எடுங்களேன்," என்றாள் மனைவி. "தெருவுக்குத்தான போகணும்?"

"வாயப் பொளந்துக்கிட்டுப் போற வண்டி என் வண்டி இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி எழுந்திருக்கவில்லை. தலை பாரமாக இருக்கிறது என்று சைகையில் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மனைவி மேலேயே இருந்தாள். ஃபிட்டர் எஞ்சினை ஓடவிட்டு நன்றாகச் சூடேற்றி நிறுத்தினார். பதினொன்றரை. பன்னிரண்டு மணிக்கு லாரி.

இனி உருண்டை உதவாது. எங்கே இடிக்கிறது என்று மொத்தமாகத் தெரிந்தால் அந்த இடத்தை உள்ளேயிருந்து சுத்தியலால் தட்டிக் குழித்துவிடலாம். கடையிலிருந்து வாங்கிவந்த எட்டுப் பெட்டிக் களிமண்ணையும் ஒன்றாகப் பிசைந்து, ஓர் இரும்புக் குழாயால் உருட்டிப் பாய்போல விரித்தார். எல்லா நிறமும் கலந்து, மனிதத் தோலுக்குப் பக்கத்தில் ஒரு நிறமாகிவிட்டது. பானெட்டில் ஒட்டாமலிருக்க மேலே மனைவியின் முகப் பவுடரைத் தூவி, எஞ்சின் மேல் போர்த்தினார். பானெட்டை இறக்கினார்.

இரண்டு விரல் இடைவெளி. அழுத்தினார். அசையவில்லை. முழங்கையால் அழுத்தினார். அசையவில்லை.

ஏறி உட்கார்ந்தார்.

"எண்ணெய் ஊத்தாம ஓட்டினியே!" என்று ஒரு குதி. பானெட் கொஞ்சம் இறங்கியது. அடியில் ஏதோ மெத்தென்று நெளிந்தது. "அழகா எரிஞ்சுச்சாம்ல லைட்டு!" இன்னொரு குதி. "ஓட்டை போடணுமா? ஓட்டை!" பதினொரு மாதத்துக் கோபம், அதற்கு முன்னால் ஐம்பது வருடத்துக் கோபம், தம்பி தின்ற பாதிப் பலகாரம், படுக்கையில் அவன் பிடித்த பெரிய பங்கு, அம்மாவின் மடி, எல்லாம் அவர் பிட்டத்தின் வழியாகத் தகட்டில் இறங்கியது. உள்ளேயிருந்து ஒன்று மேலே தள்ளியது. மெதுவாக. கெஞ்சுவதுபோல. அவர் கால்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு மொத்தப் பாரத்தையும் கொடுத்தார்.

தள்ளுவது நின்றது.

டக்.

பானெட் பூட்டிக்கொண்டது. சுற்றிலும் ஒரே சீரான கோடு, நகம் நுழையாது. ஃபிட்டர் கீழே இறங்கி அந்தக் கோட்டைத் தடவினார். சிரித்தார். "டேய்!" என்று மேலே பார்த்துக் கத்தினார். "மூடிடுச்சுடா!"

மேலே ஒரு கட்டில் கிரீச்சிட்டது.

பிறகு மனைவியின் குரல். "தம்பி?"

கொஞ்சம் பொறுத்து, "தம்பி, இப்படித் திரும்புங்க."

பிறகு அவள் கத்தினாள்.

"என்னங்க! மேல வாங்க! தம்பி முகம்... தம்பி முகம்ங்க!"

அவர் மேலே போகவில்லை. ஏன் என்று அவருக்கே தெரியாது. கை, டாஷ்போர்டுக்கு அடியிலிருந்த கொக்கியை இழுத்தது. பானெட் எகிறியது. தூக்கினார்.

பானெட்டின் உட்புறத்தில் இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்துக்குள் புகுந்திருந்த களிமண், எஞ்சின் மேல் எழும்பி நின்றது. நனைந்த துணியைப் போர்த்தியதுபோல. நெற்றி. மூடிய இமைகள், ஒவ்வொரு மயிரோடும். மூக்கு. இடது பக்கம் முறம்போல ஒரு காது. திறந்த வாய். வாயின் குறுக்கே காகிதக் கனத்தில் களிமண்.

அந்தக் காகிதம் உள்ளே போனது.

வெளியே வந்தது.

உள்ளே போனது.

"டேய்," என்றார். சத்தம் வரவில்லை.

எஞ்சின் சூடாக இருந்தது. காலையிலிருந்து அவரே சூடேற்றியது. தாடையின் ஓரம் பளபளத்தது. இளகியது. இரும்பின் மேல் வழியத் தொடங்கியது. மேலே மனைவியின் அலறல் ஒரு படி ஏறியது.

அவர் இரண்டு கையையும் அடியில் கொடுத்தார். சுட்டது. பொறுத்தார். தூக்கினார். அடியில் யாரும் இல்லை. கறுத்த எஞ்சின் மூடி மட்டும். கையிலோ பாரம் இருந்தது. விரல்களுக்கு மேலே ஒரு வெற்றிடம், அதற்குள் வெதுவெதுப்பான மூச்சு. ஆள்காட்டி விரல் நுனியால், பிடிப்பை விடாமல், அந்த வாயின் தாளில் ஒரு சின்னத் துளை போட்டார்.

மூச்சு விசிலடித்துக்கொண்டு உள்ளே போனது.

எங்கே வைப்பது? மேசை முழுக்க இரும்புத் தூள், தீட்டிய தகடு. தரை முழுக்கக் கிரைண்டர் சில்லு. எஞ்சின் மேல் முடியாது. அவர் நின்றார். கை வெந்துகொண்டிருந்தது. வலது கட்டைவிரல் இருந்த இடத்தில் கன்னம் குழிந்திருந்தது. எடுக்க நினைத்தார். விரலோடு கன்னமும் வந்தது. மேலே ஓர் அலறல். விரலை அப்படியே வைத்தார். அலறல் தேய்ந்தது.

அழுத்தக் கூடாது. தளர்த்தக் கூடாது. நடுங்கக் கூடாது.

வெளியே லாரி பின்னால் வரும் சத்தம். பீப். பீப். நின்றது. யாரோ இறங்கினார்கள்.

"யாருங்க வீட்ல? இரும்பு எடுக்க வந்திருக்கோம்!"

ஷட்டரில் அறை விழுந்தது. தகரம் அதிர்ந்தது. தரை அதிர்ந்தது. கையில் இருந்தது அதிர்ந்தது. விரல் இடுக்குகளின் வழியே மெல்ல, தடுக்கமுடியாமல், கீழ்நோக்கிப் பிதுங்கத் தொடங்கியது.

"அண்ணே, இருக்கீங்களா?"

இன்னோர் அறை.

மூக்கின் நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நீண்டது. துளையின் விசில் ஒடுங்கியது. ஃபிட்டர் கையை நீட்டியபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றார். தம்பியின் இடது இமை கன்னத்தின் மேலாக வழிந்து, உதட்டைக் கடந்து, ஒரு சொட்டாகத் திரண்டு, அவர் சுண்டுவிரலிலிருந்து தொங்கி நீண்டுகொண்டே இருந்தது.